எதிர்க்கரையில் அடித்த முளைகள்

எதிர்க்கரைக்காரர்கள் எங்களை மூழ்கடிக்கச் சதி செய்கிறார்கள் என்று நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை, கடையிலிருந்த உர மூட்டைகளை முதுகில் சுமந்து மாடிக்கு ஏற்றும் அளவுக்கு நம்பினேன். அப்போது வைகாசி மாதம். ஆற்றுக்குள் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டி ஆற்றை ஒட்டியது எங்கள் ஊர். இந்தப் பக்கம் கடைத்தெரு, அதில் என் உரக்கடை, கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் ஆற்றங்கரை. அந்தப் பக்கம் என் மனைவியின் அண்ணன் வீடு. கரைகள் பழசு. எலி வளையும் நண்டு வளையுமாகப் பொத்தல் விழுந்து கிடந்தன. அவற்றைப் பலப்படுத்த அரசாங்கத்தில் திட்டம் போடுகிறார்கள் என்று பேச்சு வந்தது. அளவெடுக்க ஆட்களும் வந்தார்கள். இரண்டு கரையிலும் மூங்கில் முளைகளை அடித்து, கரையை எதுவரை உயர்த்துவது என்று காட்ட அவற்றின் தலையில் சிவப்புப் பெயின்ட் தடவிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை பல் தேய்த்தபடி கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தேன். எங்கள் கரையில் முளைகள் கணுக்கால் உயரத்துக்குத் தலை நீட்டிக்கொண்டிருந்தன. எதிர்க்கரையிலோ இடுப்புயரம். வாயிலிருந்த நுரையை விழுங்கிவிட்டேன்.

இந்த ஊரில் பிறந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வெள்ளம் வந்தால் நாங்கள் தண்ணீரைப் பார்க்க மாட்டோம், எதிர்க்கரையைத்தான் பார்ப்போம். அங்கே வழிந்தால் இங்கே மட்டம் இறங்கும். எங்கள் தெருவே மண் மூட்டையும் டார்ச் லைட்டுமாகக் கரையில் நிற்கும். அக்கரையில் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது என்று போன் வந்ததும், ‘அப்பாடா’ என்று கலைந்து டீ குடிக்கப் போவோம். அவர்களுக்கு இடுப்புயரம், எங்களுக்குக் கணுக்கால் என்றால், இனிமேல் டீ குடிக்கப் போவது அவர்கள். மிதக்கப் போவது என் யூரியா.

“என்னங்க, இப்ப எதுக்கு மூட்டையத் தூக்கிக்கிட்டு மாடி ஏறுறீங்க?” என்றாள் மனைவி.

“வெள்ளம் வரப்போவுது.”

அவள் ஆற்றை எட்டிப் பார்த்தாள். “ஆடுங்ககிட்டயும் சொல்லிட்டீங்களா?”

“சிரிக்காத. உங்க அண்ணன் ஆளைப் புடிச்சு அந்தப் பக்கத்த உசத்திக்கிட்டாரு. போய் முளையப் பாரு.”

“ரேஷன் கடை வரிசையிலயே ஒரு அடி முன்னால போகத் தெரியாத மனுசன். அவரு ஆளைப் புடிச்சாராம்!”

இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். ஆனால் மனைவி நம்பாததைத் தெரு நம்பியது, என்னைவிடப் பலமாக நம்பியது. கரைத் திட்டத்தைப் பற்றி மக்களிடம் பேசக் கல்யாண மண்டபத்தில் கூட்டம் வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், “நம்ம பக்கத்துக்கு நீங்கதாண்ணே பேசணும்” என்று சொல்லிவிட்டார்கள். பேசப் போகிறவன் எதிரியின் கோட்டையைப் பார்த்து வர வேண்டாமா? ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி மணலில் நடந்து அக்கரை ஏறினேன்.

மச்சான் வீட்டு வாசலுக்கு நேரே, முக்காலியில் அளவுக் கருவியை நிறுத்தி ஓர் இளம்பெண் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டத்துக்கு அவள்தான் பொறியாளர்.

“வாங்க மாப்புள, மோர் குடிக்கிறீங்களா?” என்றார் மச்சான்.

“மோர் கெடக்கட்டும் மச்சான். வாசல்ல நட்டிருக்கற முளை என்ன, கொடிமரமா? எப்பத் திருவிழா?”

பொறியாளர் நிமிர்ந்தாள். “சார் எந்தப் பக்கம்?”

“முழுகப் போற பக்கம்.”

அவள் சிரிக்கவில்லை. “இப்படி வந்து கண்ணை வச்சுப் பாருங்க சார்” என்றாள். பார்த்தேன். “குறுக்கால ஒரு கோடு தெரியுதா? முளையோட சிவப்புத் தலையத் தொடுதா?” தொட்டது. கருவியை அப்படியே எங்கள் கரைப்பக்கம் திருப்பினாள். என் வீட்டுக் கொல்லை தெரிந்தது, கொடியில் என் லுங்கி தெரிந்தது, கணுக்கால் முளை தெரிந்தது. அதன் தலையிலும் அதே கோடு.

“எல்லா முளைக்கும் தலை ஒரே மட்டம் சார். ரெண்டு கரையையும் அதுவரைக்கும்தான் உசத்தப் போறோம். இங்க கரை தாழ்வு, அதனால முளை பெருசா தெரியுது. உங்க கரை முன்னாடியே உசரம்.”

“அப்ப இத்தனை வருஷமா…”

“இவங்க பக்கம் வழிஞ்சதாலதான் உங்க பக்கம் நின்னுச்சு.”

அந்தப் பெண் எதிர்க்கரைத் தெருவில் ஒரு வீடு விடாமல் நுழைந்து, தண்ணீர் முதலில் எந்த வழியாக வந்தது என்று கேட்டு, சுவரில் இருந்த கறையை அளந்திருந்தாள். மச்சான் வீட்டில் அது எளிது. பொங்கலுக்குப் பொங்கல் அவர் இடுப்புக்குக் கீழே, வெள்ளக் கறை ஏறிய வரைக்கும் மட்டும்தான் வெள்ளையடிப்பார். கீழ்ப்பாதி பளிச்சென்று, மேல்பாதி பழுப்பாக. கஞ்சத்தனம் என்று அதைக் கேலி செய்தே எத்தனையோ பொங்கல் சாப்பிட்டிருக்கிறேன்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மச்சான்?”

“என்னன்னு சொல்றது? ஒரு பக்கம் வழிஞ்சுதானே ஆவணும். அங்க தங்கச்சி இருக்கா.” மோரை நீட்டினார். “உங்களுக்காகன்னு நெனச்சுக்காதீங்க.”

கூட்டத்தன்று மண்டபத்தில் இரு கரைக்காரர்களும் பெண் வீடு, மாப்பிள்ளை வீடு போல ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம். பொறியாளர் எழுந்து ஒளிவுமறைவின்றிச் சொன்னாள். இரண்டு கரையும் சமமானால், இதுவரை அக்கரையில் வழிந்த தண்ணீருக்குப் போக்கிடம் இருக்காது. மட்டம் ஏறி எங்கேயாவது உடைக்கும். அதற்கு ஆற்றின் வயிற்றைப் பெரிதாக்க வேண்டும். கரைக்கு உட்புறம் இருக்கும் படுகையை வெட்டி ஆற்றோடு சேர்க்க வேண்டும். படுகை இருப்பது எங்கள் பக்கம். அதில் எங்கள் தெருக்காரர்களின் தோட்டங்கள். முதலாவது என் வாழைக்கொல்லை.

கைதட்டு வாங்க அவள் எதையும் பூசி மெழுகவில்லை. அவ்வளவு பேரும் முறைத்துப் பார்க்க, குரல் உயராமல், எந்தத் தோட்டத்தில் எதுவரை போகும் என்று படத்தில் விரல் வைத்துக் காட்டினாள். யூரியா தூக்கி இடுப்பை ஒடித்துக்கொண்ட எனக்கு அந்த நிதானம் பொறாமையாக இருந்தது.

என் பக்கத்து ஆட்கள் முழங்கையால் இடித்தார்கள். “எழுந்திரிங்கண்ணே. விடாதீங்க.”

எழுந்தேன். எதிர் வரிசையில் மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கரைக்குப் போகுமுன் நாலு நாள் ஒத்திகை பார்த்த பேச்சு நாக்கு நுனி வரை வந்தது. கூடவே அந்தப் பாதிச் சுவரும் வந்தது.

“படுகை ஆத்தோட எடம்தான். நாமதான் வாழையை வச்சு அதைக் கொல்லைன்னு சொல்லிக்கிட்டோம்” என்றேன். “என் கொல்லையிலேர்ந்தே ஆரம்பிங்க.”

உட்கார்ந்தேன். பிறகு எங்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்: “என்னண்ணே, மச்சான் மெரட்டிட்டாரா?”

“அவரு எங்கய்யா மெரட்டுனாரு? அவரு தங்கச்சி கையாலதான்யா நான் சாப்புடணும்.”

சிரிப்பு அடங்கியதும் எங்கள் தெருவில் இன்னும் சிலர் சரி என்றார்கள். சிலர் என்னைத் திட்டிக்கொண்டே சரி என்றார்கள். மாடியிலிருந்த மூட்டைகளை இறக்க ஒருவரும் வரவில்லை, நானேதான் இறக்கினேன்.

கரை வேலை முடிந்த பிறகு வந்த ஐப்பசியில் ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. என் வாழைக்கொல்லை இருந்த இடத்திலும் தண்ணீர் ஓடியது. மச்சான் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை.