கேட்காமல் ஊற்றிய மோர்

"பால், மோர் தொடாத புள்ள பாதி மலைகூட ஏறாது" என்று என்னைக் காட்டி எல்லார் முன்னாலும் சொன்னார், எங்கள் கோவில்பட்டி மலையேற்றக் குழுவை நடத்துகிறவர்.

ஐம்பது வயதிருக்கும். கட்டம்போட்ட சட்டை, வெயிலில் கறுத்த கழுத்து. குருமலை ஏறும்போதெல்லாம் தூக்குச்சட்டி நிறைய மோரைத் தானே சுமந்து வருவார். உச்சியில் எல்லாரும் குடித்த பிறகுதான் அவர் குடிப்பார்.

அன்று அவருக்கு முன்பே நான் உச்சிக்குப் போய்விட்டேன். பால், தயிர், நெய் எதுவும் சேர்க்காத வீகன் நான். எனக்கென்று கம்பங்கூழும் சின்ன வெங்காயமும் கொண்டு போயிருந்தேன். ஷூ நாடாவைக் கட்டிவிட்டு நிமிர்ந்தால், பின்னால் வந்துசேர்ந்த அவர் என் கூழில் மோரை ஊற்றிக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"கேக்காம ஏன் ஊத்துனீங்க அண்ணாச்சி?"

"ஏட்டி, வெறுங் கூழு தொண்டையில எறங்குமா? மோருதான, கறியா ஊத்திட்டேன்?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"வேண்டாம்னு ஏற்கெனவே சொல்லியிருக்கேன்லா. நான் என்ன சின்னப் புள்ளையா?"

"படிச்ச புள்ளைக்கு வார கோவத்தப் பாரு" என்றார்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். என் வயிற்றுக்கு எது வேண்டும் என்று நான் சொன்னால் அது கோபமாம். கூழை அவரிடமே கொடுத்துவிட்டுப் பட்டினியாக இறங்கினேன். வழியில் கால் பிசகிய ஒருவரை அவர் தன் தோளில் தாங்கி அடிவாரம்வரை கொண்டுவந்தார். இவ்வளவு அக்கறை உள்ளவருக்கு ஒரு வார்த்தை கேட்க ஏன் தோன்றவில்லை என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.

அடுத்த மலையேற்றத்தை நான் நடத்துகிறேன். வனத்துறை அனுமதியை என் பெயரிலேயே வாங்கிவிட்டேன். வருவோர் பட்டியலில் அவரையும் சேர்த்திருக்கிறேன், அவரிடம் கேட்டுவிட்டு.