படகுக்குப் பலா முட்டு

ருவான்வெல்லைக்குக் கீழே, களனி கங்கையை ஒட்டி எங்கள் தோட்டம். ரப்பர் ஷீட்டுகளை அக்கரைச் சாலையில் சேர்க்க ஒரு பெரிய படகு இருந்தது. ஆண்டுக்கொருமுறை அதைக் கரையேற்றி, மர முட்டுகள்மேல் நிறுத்தித் தார் பூசுவார்கள். ஒல்லியான உடம்பு என்பதால், அடியில் படுத்துப் பாசி சுரண்டுவது என் வேலை. முட்டு செய்வது என் புருஷன். அவர்தான் தோட்டத்து ஆசாரி.

ஒரு வருஷம் முட்டொன்று உளுத்து முறிந்தது. படகு சரிந்து என் தோளை நசுக்கியது. மூன்று மாதம் கையைத் தூக்க முடியவில்லை.

மறுவருஷம் புது முட்டுகள் வேண்டியிருந்தன. நெருக்கத்தைக் குறைக்க வெட்டிய ரப்பர் மரங்கள் மலையெல்லாம் கிடந்தன. அதிலேயே செய்யும்படி தோட்டத்தை நடத்தும் துரை சொல்லிவிட்டார். சீக்கிரமே உளுத்துப்போகும் அந்த மரத்தின் லட்சணம் தெரிந்தும் என் புருஷன் தலையாட்டிவிட்டு வந்தார்.

"நீ பேசாம இரு புள்ள. இருக்கற வேலையும் போயிரும்" என்றார்.

நாங்கள் குடியிருந்த லயத்துப் பின்புறம் விறகுக்குக் கிடந்த ரப்பர் கட்டையொன்றை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன். அங்கே நின்ற துரையின் முன்னால் அதைப் பாறையில் அடித்தேன். இரண்டாக முறிந்து மாவு கொட்டியது. பலாவின் வைரம் பாய்ந்த நடுமரம்தான் வேண்டும் என்றேன். மரம் தேர்ந்தெடுக்க நீ யார் என்று துரை பக்கத்தில் நின்ற கிளாக்கரை விட்டுக் கேட்டார்.

"அடியில படுக்கறது நான்தாங்க. பலா முட்டு வைக்காம படுக்க மாட்டேன். வேற யாரையும் படுக்க விடவும் மாட்டேன்."

தார் பூச வந்திருந்த இரண்டு பெண்களும் வாளியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தார் பூசாமல் ஒழுகிய படகு இரண்டு நாள் ஓட்டமில்லாமல் நீரிலேயே கிடந்தது. ஷீட்டுகள் ஸ்டோரில் குவிந்தன. மூன்றாம் நாள், காற்றில் சாய்ந்த பலா ஒன்றை அறுக்க உத்தரவு வந்தது.

ஆணி வேண்டாம், ஈரத்தில் துருப்பிடிக்கும் என்றேன். என் புருஷன் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு துளையிட்டு மரமுளை அடித்தார். முட்டுகளின் கால்களை மண்ணில் புதைக்காமல் கருங்கல்மேல் நிறுத்தினார். படகின் அடியைத் தட்டித் தட்டி, உள்ளே விலாமரம் ஓடுகிற இடங்களை நான் காட்டினேன். அவற்றுக்கு நேர் கீழே முட்டுகளை வைத்து, பலகை உரசாமல் தேங்காய்நார்க் கயிறு சுற்றினோம். முதலில் நானே படுத்தேன். ஒன்றும் அசையவில்லை.

வேலை முடிந்ததும் துரை என்னைத் தூரத்து மலைக்குப் புல்லுவெட்ட அனுப்பினார். துரையின் கண்ணில் படாமல் போகச் சுற்றுப்பாதை ஒன்று இருந்தது. நான் தினமும் அவருடைய பங்களா வாசல் வழியாகவே போனேன்.