பொறுப்பெடுத்தவர்

கலீலுர் றஹ்மானின் ஜனாஸாவை அடக்குவதற்கு முன் பள்ளிவாசலில் வைத்துத் தொழுகைக்கு ஆயத்தமானபோது, அவனுடைய காக்கா, மூத்தவர் அபூதாஹிர், முன்னால் வந்து நின்றார். "என்ட தம்பி ஆருக்காவது கடன் குடுக்க இருந்தா என்னட்ட வாங்க. நான் பொறுப்பு!" என்றார். என்ன குரல் அது! கிண்ணியாத் துறையில் நின்றவனுக்கும் கேட்டிருக்கும். வழக்கமாகச் சொல்லும் சொல்தான், குடும்பத்தில் ஒரு ஆண் எழுந்து சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் இவர் சொன்ன விதத்தில் நாலைந்து பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அவர் எடுத்த பொறுப்பு அதோடு முடிந்தது. கேட்டு வந்தவர்களையெல்லாம், "வீட்டுக்குப் போங்க, நபீஸா தருவா" என்று அனுப்பிவிட்டார்.

நபீஸா, றஹ்மானின் மனைவி, இத்தாவில் இருந்தாள். நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்ட ஏலாது, பிற ஆண்களின் முகம் பார்க்க ஏலாது. மீன்பிடித் தடை நேரத்தில் கடலுக்குப் போன புருஷன் சூடுபட்டு மௌத்தாகி, ஜனாஸாவாகத்தான் கரைக்கு வந்தான். சுட்டது யாரென்று கேட்க அந்தத் தொண்ணூற்றாறாம் ஆண்டுச் சண்டைக் காலத்தில் யாருக்கு வாய் இருந்தது? அவளை ஆறுதலாக அழக்கூட விடவில்லை. மூன்றாம் நாளே திரைக்கு வெளியே செருமல். ஐஸ்காரர், டீசல்காரர், தேத்தண்ணிக் கடைக்காரர். மனுசன் கடனோடு கபுறில் கிடக்கிறாரே என்ற பயத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. காப்பை விற்றாள், ஆட்டை விற்றாள். மிஞ்சியது தையல் மெசின் ஒன்றுதான். அதில் பள்ளிச் சட்டை தைத்துத் தைத்து, மகள் அசனாவின் கையில் காசை வெளியே கொடுத்தனுப்பினாள்.

வாங்கியவர்கள் சும்மா போனார்களா? "அபூதாஹிர் காக்காதான் மனிசன்! சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டார்" என்று திரைக்கு வெளியே நின்றே புகழ்ந்துவிட்டுப் போனார்கள். நபீஸாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெசினை ஓங்கி மிதித்தாள், ஊசி முறிந்தது. அதற்கும் காசு!

ஒருநாள் அவரே வந்தார். "மச்சான், ஒரு கடனையாவது நீங்க பாருங்களன்" என்று உள்ளிருந்து கேட்டாள்.

"நான் பொறுப்பெண்டு சொன்னதாலதானே புள்ள, இவங்க மரியாதையா வாராங்க?" என்றார், தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டு. பார்த்தீர்களா கதையை!

கடைசிக் கடன் திருகோணமலையில் வலைக்கடை வைத்திருந்த தவராசாவுடையது. இத்தா முடிய ஒரு கிழமை இருக்கையில், சோதனைச் சாவடியெல்லாம் இறங்கி ஏறி, அவர் கடன் எழுதிய கொப்பியோடு வந்து திரைக்கு வெளியே நின்றார்.

"தங்கச்சி, பதினெட்டாயிரம் இருக்கு."

"என்ன ஐயா, அவர் ஒம்பதெண்டுதானே சொன்னவர்?"

"ஓம், அது அவர் எடுத்த வலை. மற்ற வலையை உங்கட மச்சான் போன மாதம் எடுத்தவர். தம்பியின்ர கணக்கிலயே போடச் சொன்னவர். பொறுப்பெடுத்த மனிசன்தானே எண்டு குடுத்தனான்."

மௌத்தாகி மூன்று மாதம் கழித்து மனுசன் கடன் வாங்கியிருக்கிறார்! ஒன்பதென்றால் தைத்துத் தைத்துக் கட்டிவிடலாம். பதினெட்டென்றால் மெசினே போய்விடும், பிறகு தாயும் மகளும் எதைத் தின்பது? "அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடியிற நேரம் பள்ளிவாசலடிக்கு வாங்க ஐயா" என்றாள்.

இத்தா வியாழனோடு முடிந்தது. மறுநாள் ஆண்கள் தொழுதுவிட்டு வெளியே வரும்போது, கேற்றடியில் அசனாவின் கையைப் பிடித்தபடி நபீஸா நின்றாள். "வீட்ட போ புள்ள" என்று பல்லைக் கடித்தார் அபூதாஹிர். அவள் அவரைப் பார்க்கவேயில்லை.

"என்ட மாப்பிள மௌத்தாக முந்தி வாங்கின கடனுக்கு என்னட்ட வாங்க. இதுவரைக்கும் நான்தான் குடுத்தன், இனியும் நான்தான் குடுப்பன்." அவள் குரல் எல்லோருக்கும் கேட்டது. "அவர் மௌத்தானதுக்குப் புறகு அவர்ட பேரில எடுத்த வலைக்கு என்னட்ட வராதீங்க. எடுத்தவர் உசிரோட நிக்கிறார், இப்பவே கேளுங்க. இல்லாட்டி அவர்ட ஜனாஸாவில ஆராவது எழும்பிப் பொறுப்புச் சொல்லுமட்டும் காத்திருங்க."

தவராசா கொப்பியை விரித்தபடி அபூதாஹிரிடம் போனார். அபூதாஹிர் ஏதோ பதில் சொன்னார். பக்கத்தில் நின்றவனுக்குக்கூட அது கேட்கவில்லை.