பத்தொன்பதாம் கதிரை

இது நடந்தது. டென்மார்க்கின் எஸ்பியர்க்கில் எங்கள் தமிழ்ச் சங்க மண்டபத்தில் அன்று எண்பது பேர் இருந்தார்கள். யாரை வேண்டுமானாலும் பிடித்துக் கேளுங்கள். ஆனால் மண்டபத்துத் திருத்த வேலைகளைப் பார்க்கிற ஸ்ரிபனைக் கேட்டால் அவர் பேயிலிருந்து தொடங்கமாட்டார், கதிரையிலிருந்து தொடங்குவார். பத்தொன்பதாம் கதிரை மடியவில்லை. ஏன் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

துறைமுகத்தில் காற்றாலை இயந்திரங்களைப் பூட்டுகிற மனிதருக்கு அது தலைக்குனிவு. அந்தக் கதிரையில் பழுதாவதற்கு ஒன்றுமே இல்லை, சுருள்வில்கூடக் கிடையாது. இருக்கைப் பலகையின் பின்புறம் ஒரு வார்ப்பிரும்புக் கட்டி இருக்கும். ஆள் இருந்தால் பலகை தாழும். எழும்பினால் கட்டியின் பாரம் பின்னுக்கு இழுக்க, பலகை தானாக நிமிர்ந்து முதுகுச் சாய்வோடு மடிந்துவிடும். பாரம் எப்படிப் பழுதாகும்?

எங்கள் மண்டபத்துக்கு இந்தக் கதிரைகளைத் தேடிப்பிடித்துத் தந்தவர் டொக்டர் சாரங்கா. அவர் ரஷ்யாவின் வொல்கா ஆற்றங்கரையில் ஒரு மாகாணப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். முதலில் அது கிராமத்துப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களைப் பழக்கிய சின்ன நிறுவனம். புரட்சிக்குப் பிறகு தொழிலாளர் பிள்ளைகளால் பெருத்தது. போர்க்காலத்தில் அதன் வகுப்பறைகளில் காயப்பட்டவர்களைக் கிடத்தினார்கள். பின்னர் மருத்துவபீடம் சேர்ந்தது, பல்கலைக்கழகம் என்ற பெயர் வந்தது, வெளிநாட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள். கடைசியில் அதைப் பக்கத்து இரண்டு கல்லூரிகளோடு இணைத்து, பழைய விரிவுரை மண்டபத்தை இடித்தார்கள். பழைய இலக்கங்கள் பொறித்தபடியே கதிரைகள் விலைக்கு வந்தன.

"இரும்புக் கால், ஓக் பலகை. எங்களுக்குப் பிறகும் நிக்கும், ஸ்ரிபன் அண்ணை," என்றார் சாரங்கா.

எதைத் தொடங்கினாலும், இறந்தவர்களுக்காக முதலில் எழுந்து நிற்பது எங்கள் வழக்கம். முதல் நிகழ்ச்சியில் சங்கத் தலைவர் சபாரத்தினம் ஒலிவாங்கியில், "எல்லாரும் எழும்புங்கோ," என்றார். பலகைகள் படபடவென்று மடிந்தன. பத்தொன்பது மட்டும் தாழ்ந்தே இருந்தது. அதில் யாரும் இருந்திருக்கவும் இல்லை.

ஸ்ரிபன் கீலுக்கு எண்ணெய் விட்டார். கழற்றிப் பூட்டினார். கட்டியை நிறுத்துப் பார்த்தார். தனியே சோதித்தால் அழகாக மடிந்தது. அடுத்த நிகழ்ச்சியில் சபை எழும்பியது... பத்தொன்பது தாழ்ந்திருந்தது. இருபதில் இருந்து எழும்பிய துஷாந்தன் குனிந்து அதைத் தூக்கப் போனான்.

டக்.

டக். டக். மூன்று விரல்கள் கீலுக்குள் முறிந்தன.

"கதிரை நசிக்கேல்லை, அண்ணை," என்றான் ஆம்புலன்சுக்குள். "ஆரோ பிடிச்சு முறிச்சது. ஒண்டொண்டா."

சபாரத்தினம் அந்தக் கதிரையைத் தூக்கி எறியச் சொன்னார்.

"ஏனெண்டு தெரியாமல் எறியேலாது," என்றார் ஸ்ரிபன். "வாற ஞாயிறு ஒருக்கால் பாத்திட்டு எறியிறன்."

அந்த ஒரு ஞாயிறுதான்.

நவம்பர். மாலை நான்கு மணிக்கே வெளியே இருட்டு, மேற்குக் கடலின் காற்று, மழை. பத்தொன்பதையும் அதன் இரு பக்கத்துக் கதிரைகளையும் ஸ்ரிபன் நாடாவால் கட்டிவிட்டு, பின்னால் நின்று பார்த்தார். மண்டபம் நிறைந்துவிட்டது. அவருடைய மகள் ஷாமிலா பிந்தி வந்தாள், நாடாவை அவிழ்த்தாள், பதினெட்டில் இருந்தாள்.

"பிள்ளை, எழும்பு அதால."

"அப்பா, இது வெறும் கதிரை," என்றாள் டேனிஷில். "நீங்கதானே சொன்னீங்க, அதில் பழுதாக ஒன்றுமில்லை என்று."

அவர் பதில் சொல்லுமுன் ஒலிவாங்கி கரகரத்தது.

"எல்லாரும் எழும்புங்கோ."

படபட... பிறகு அமைதி.

பத்தொன்பது தாழ்ந்திருந்தது.

கிறீச்... பாரமான ஓர் ஆள் இருந்தபடி அசைவதுபோல.

எழும்பிய ஷாமிலாவின் இடது கை பத்தொன்பதின் கைப்பிடியில் இருந்தது. எதுவோ அதைக் கீழே இழுத்தது. கீலுக்குள்.

டக்.

அவள் அலறினாள். ஸ்ரிபன் பாய்ந்தார். பலகையைப் பிடித்து இழுத்தார். நான்கு பேர் சேர்ந்து தூக்கினார்கள். அசையவில்லை.

டக். இரண்டாவது விரல்.

பலகையின் அடியிலிருந்து இரத்தம் சொட்டியது. ஸ்ரிபன் இரும்புக்கம்பியைக் கொடுத்து நெம்பினார். கம்பி திருப்பி அடித்தது. அவருடைய நெற்றி பிளந்தது.

டக்.

கண்ணுக்குள் இரத்தம். இருபதாம் கதிரையில் பொத்தென்று விழுந்தார்.

எல்லாரும் நின்றார்கள்.

அவர் மட்டும் இருந்தார்.

கிறீச்...

பாரம் விலகியது. ஷாமிலாவின் கை வெளியே வந்தது. பலகை மெதுவாக, சத்தமில்லாமல், மடிந்தது.

பிறகு சாரங்கா தன் பழைய பேராசிரியருக்குத் தொலைபேசி எடுத்தார். 1930களின் கடைசியில் அந்த விரிவுரை மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்ததாம். ஓர் ஆசிரியரை மக்கள் விரோதி என்று அறிவித்து, சம்மதிப்பவர்களை எழும்பச் சொன்னார்கள். முழு மண்டபமும் எழுந்தது. பத்தொன்பதில் இருந்த மாணவன் மட்டும் எழும்பவில்லை. கதிரையை இறுகப் பிடித்திருந்தான். இரு பக்கமும் நின்ற நண்பர்கள்தான் அவனுடைய விரல்களை ஒவ்வொன்றாக முறித்துப் பிடியை எடுத்தார்கள். வாசலுக்கு இழுத்துப் போகும்போது அவனுக்கு உயிர் இல்லை.

ஸ்ரிபன் பத்தொன்பதைக் கழற்றி எரித்தார். அடுத்த ஞாயிறு முப்பத்திரண்டு தாழ்ந்திருந்தது.

எல்லாவற்றையும் விற்றுவிடலாம் என்றார் சபாரத்தினம். "வாங்கிறவனுக்கு என்ன சொல்லுவியள், ஐயா?" என்று ஸ்ரிபன் கேட்டார். சபாரத்தினம் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

ஆகவே இப்போது இப்படிச் செய்கிறோம். எல்லாரும் எழும்பும்போது, தாழ்ந்திருக்கும் கதிரைக்குப் பக்கத்தில், அவனுக்குத் துணையாக ஒருவர் மட்டும் எழும்பாமல் இருப்பார். பலகை தானாக மடிந்துவிடும்.