வாப்பா போறணைக்கு முன்னால் நின்ற நாள்

கொரோனாக் காலத்தில் பேக்கரி நடத்தியவர்களைக் கேட்டால் தெரியும், அரசாங்கம் எத்தனை விதமாகப் பேசும் என்று. ஒரு கிழமை கையுறை போட்டு மாப் பிசையச் சொன்னார்கள். கையுறை கிழிந்து பாணுக்குள் போனது. ஒரு பெண் அந்தப் பாணைத் தூக்கிவந்து கடை வாசலில் நின்று சத்தம் போட்டார். அடுத்த கிழமை, கையுறை வேண்டாம், கையைக் கழுவினால் போதும் என்றார்கள். ஆட்கள் தள்ளித் தள்ளி நிற்கக் கடைக்கு முன்னால் வெள்ளை வட்டங்கள் கீறச் சொன்னார்கள். கீறினோம். சனம் வட்டத்துக்குள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, நிழலில் ஒன்றாக நின்று கதைத்தது. பாண் அத்தியாவசியம் என்பதால் ஊரடங்கிலும் எங்களைத் திறக்க விட்டிருந்தார்கள். அது பெரிய காரியம்தான். ஆனால் அதற்குப் பிறகு வீதியில் எந்த மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலும் கை வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன்.

மோட்டார் சைக்கிளில் வருகிறவர் பி.எச்.ஐ. பொதுச் சுகாதாரப் பரிசோதகர். ஓட்டமாவடியில் எல்லாக் கடைகளையும் அவர்தான் பார்த்தார். மண்டூர்ப் பக்கத்துத் தமிழர், என்னைவிட இளையவர். நான் சேர் என்பேன், அவர் அக்கா என்பார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவர் ஒரு சொல் சொன்னால் கடையைப் பூட்டிக் கதவில் தாள் ஒட்டிவிடுவார்கள். கணவர் கட்டாரில் வேலைக்குப் போய் அங்கேயே முடங்கிக் கிடந்ததால், கடை முழுக்க என் தலையில் இருந்தது.

பி.எச்.ஐ.யின் கையில் துப்பாக்கி மாதிரிப் பிடித்துக் காய்ச்சல் பார்க்கும் துவக்கு ஒன்று இருக்கும். எங்கள் பேக்கரியில் அது சரிப்பட்டு வராது. பாண் சுடும் போறணைக்கு முன்னால் நிற்கிறவரின் நெற்றியில் அதைப் பிடித்தால், சிவப்பாக எரிந்து கத்தும். முதல் தடவை எல்லோரும் நடுங்கிப்போனோம். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். போறணைக்காரரை வெளியே விளாமரத்தடியில் இருத்தி, உடம்பு ஆறியதும் திரும்பப் பிடித்துப் பார்ப்பார். கத்தாது. சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

போறணைக்காரர் மாங்கேணி ஆள். ஊரடங்கில் வந்து போக முடியாததால் கடையிலேயே தங்கிவிட்டார். வாப்பாவும் அவரும் ஒரே அறையில் படுத்தார்கள், ஒரே கேத்திலில் தேத்தண்ணீர் குடித்தார்கள். அந்தப் போறணையைக் கட்டியது வாப்பா. பல வருடம் அதற்கு முன்னால் நின்றவர். நெஞ்சு வருத்தம் வந்தபின் டொக்டர் சூட்டுப் பக்கமே போகக்கூடாது என்றுவிட்டார். அதிலிருந்து முன்பக்கத்துக் காசு மேசையில் உட்கார்ந்து, போகிற வருகிறவரையெல்லாம் கிண்டல் செய்வதுதான் அவருக்கு வேலை.

வாப்பாவுக்கு நோயில் பயம் இல்லை. அவருடைய பயம் வேறு. அந்த நாட்களில் கொரோனாவில் இறந்தவர் எந்த மதமானாலும் எரிக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் மார்க்கத்தில் மையித்தைக் கழுவிக் கபன் துணி சுற்றி மண்ணில்தான் வைப்போம்.

"வருத்தம் வந்தா வரட்டும். மௌத்தும் வரட்டும், அது அல்லாஹ்ட கையில. ஆனா மகள், அந்த நெருப்பு..." என்று தொடங்குவார். முடிக்கமாட்டார். ஊரில் பலரும் இப்படித்தான் இருந்தார்கள். இருமல் வந்தால் கொத்தமல்லியை அவித்துக் குடித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை.

அன்று காலை வாப்பா தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டார். கசக்குது என்றார். மாத் தூசி தொண்டைக்குள் போய்விட்டது என்று இருமினார். பேக்கரியில் யார்தான் இருமுவதில்லை என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. எல்லோரும் முகக்கவசத்தை ஒழுங்காகப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க உள்ளே ஓடினேன். காசு மேசையில் வாப்பா இல்லை. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, பாண் தட்டு எடுக்கும் நீண்ட துடுப்பைப் பிடித்தபடி போறணை வாயில் நின்றார். போறணைக்காரர் ஒரு பக்கம் ஒதுங்கி நின்று என்னையே பார்த்தார்.

"ஆரு வாப்பா உங்கள இஞ்ச வரச் சொன்ன?"

"சும்மா கிட புள்ள. இது நான் கட்டின போறணை."

பி.எச்.ஐ. வந்து ஒவ்வொருவராகப் பார்த்தார். வாப்பாவின் நெற்றியில் துவக்கு கத்தியது.

"என்ன ஐயா, திரும்ப வேலைக்கு இறங்கிற்றீங்களா?"

"ஒரு ஆள் காணாது தம்பி, வேல கூட. சூடாப் பணிஸ் இரிக்கி, எடுங்களன்."

"போறணைச் சூடுதான்" என்று பி.எச்.ஐ. தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வேறு நாளென்றால் வாப்பாவையும் விளாமரத்தடியில் இருத்தியிருப்பார். அன்று எங்கோ ஒரு கடையில் நோயாளி பிடிபட்டு, அவருடைய போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஐயாவைச் சூட்டில் விடாதீங்க அக்கா என்று சொல்லிவிட்டுப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தார்.

வாப்பா துடுப்பைச் சாத்திவைத்துவிட்டுச் சுவரைப் பிடித்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. உடம்பில் இருந்த காய்ச்சலைப் போறணையின் கணக்கில் எழுதப் பார்த்திருக்கிறார் மனிதர். நெஞ்சு வருத்தக்காரர், அதற்காக அந்த அனலில் போய் நின்றிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விளாமரத்தடியில் இருத்தினேன். காற்று நன்றாக வீசியது. வியர்வை காயுமட்டும் பொறுத்து நெற்றியில் கை வைத்தேன். கை சுட்டது.

"வாப்பா, காய்ச்சல் இது."

"காய்ச்சல் இல்ல. போறணை."

"போறணை உள்ளுக்க இரிக்கி. நீங்க வெளிய இரிக்கீங்க."

வாப்பா என் கையை இறுக்கிப் பிடித்தார். "சொல்லிராத மகள். கொண்டுபோனா என்ன எரிச்சிருவாங்க. உன்ட உம்மாட கபுறுக்குப் பக்கத்தில நான் இடம் பார்த்து வச்சிரிக்கன்."

பின்கதவில் போறணைக்காரர் நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அவருடைய மனைவிக்குக் குழந்தை பிறந்து அதிக நாள் ஆகவில்லை. ஊருக்குப் போய்ப் பார்த்துவர அன்றுதான் ஊரடங்குப் பாஸ் கிடைத்திருந்தது. உள்ளே அவருடைய பை கட்டித் தயாராக இருந்தது. அவர் என்னை ஏசியிருந்தாலாவது திருப்பி ஏசியிருப்பேன்.

யோசிக்கவே பயமாக இருந்தது. வாய் மூடி இருந்தால் அந்தப் பச்சைப்பிள்ளைக்கு என்ன ஆகும்? வாய் திறந்தால் வாப்பாவுக்கு என்ன ஆகும்? மூடியே இருந்தாலும், மருந்து இல்லாமல் அந்த நெஞ்சு தாங்குமா? வாப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டுப் பக்கத்துக் கடைக்கு ஓடினேன்.

"சேர், எங்கட கடைக்கு ஒருக்காக் கிறுகி வாங்க. வாப்பாவ விளாமரத்தடியில இருத்தி வச்சிரிக்கன்."

வேறு ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. பி.எச்.ஐ.யின் முகம் மாறியது.

சோதித்ததில் வாப்பாவுக்குக் கொரோனா இருந்தது. கடையைப் பூட்டித் தாள் ஒட்டினார்கள். பிசைந்த மாவைக் கொட்ட உள்ளே போகவும் விடவில்லை. அது தொட்டியில் பொங்கி நிலத்தில் வழிந்து, புளித்த மணம் வீதிவரை வந்தது. அம்புலன்ஸ் வந்தபோது வாப்பா வெள்ளைச் சேர்ட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. பி.எச்.ஐ.யிடம்தான் பேசினார்.

"தம்பி, நான் திரும்பி வராட்டி, மண்ணில வைக்கச் சொல்லுவியளா?"

"நீங்க சுகமா வருவீங்க ஐயா."

"நான் அதக் கேக்கல்ல."

பி.எச்.ஐ. தலையைக் குனிந்துகொண்டு அம்புலன்ஸ் கதவைத் திறந்து பிடித்தார்.

எங்கள் எல்லோரையும் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள் தனிமைப்படுத்தினார்கள். போன் அடித்தால் உடனே எடுக்க மாட்டேன். எடுக்காவிட்டால் அந்தச் செய்தி வராது என்று ஒரு மடத்தனமான நம்பிக்கை. ஒட்சிசன் வைத்திருக்கிறோம் என்றார் ஆஸ்பத்திரித் தாதி. இன்னொரு நாள், நெஞ்சு கொஞ்சம் கஷ்டப்படுத்துது என்றார். வாப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னால், அவர் பேச மறுக்கிறார் என்பார். பெற்ற வாப்பாவைக் காட்டிக்கொடுத்தவள் என்று ஊரில் சொன்னது என் காதுக்கும் வந்தது. யுத்தகாலத்தில் எங்கள் மாவட்டத்தில் இருந்தவர்களுக்கு, ஆளைச் சுட வைத்த அந்தச் சொல்லின் கனம் தெரியும். போறணைக்காரருக்குத் தொற்றவில்லை. நாள் முடிந்து ஊருக்குப் போனதும் குழந்தையின் படத்தை அனுப்பினார். நல்ல வடிவான பிள்ளை. பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

வாப்பா வந்தார். பாதி உடம்போடு வந்தார். கதிரையில் உட்கார்ந்து, வீட்டைச் சுற்றிப் பார்த்தார். தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

"என்னோட கோவமா வாப்பா?"

"அங்க படுத்துக் கிடக்கக்குள்ள ஒண்டுதான் நினைச்சன். மகள்ட மேல கோவத்தோட மௌத்தாகக்கூடா. முதல்ல கோவம் ஆறட்டும், மறுகா மௌத்தாகுவம் எண்டு."

"இப்ப ஆறிட்டா?"

"இன்னும் இல்ல" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீரைக் குடித்தார்.

அன்று அஸர் தொழுதுவிட்டு அல்லாஹ்விடம் நான் கேட்டது ஒன்றுதான்: அந்தக் கோபம் ஆறவே கூடாது.