எவருக்குப் போட்டாலும் கூட்டணிக்கே

தேர்தல் வேலை என்பது கூப்பிடாத வீட்டின் மணியை அடித்துவிட்டு, கூப்பிட்டுத்தான் வந்ததுபோலச் சிரித்துக்கொண்டு நிற்பது. அப்படி நின்றவர்களுக்குத் தெரியும், சிரிப்பைவிடக் கன்னம்தான் அதிகம் வேலை செய்யும்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் எடுத்தவள் நான். அந்தப் பட்டத்துக்குக் கிடைத்த முதல் வேலை டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில். இரண்டு நாடாளுமன்றத் தேர்தல்களுக்கு நடுவே வந்த கொம்யூன் என்கிற நகரசபைத் தேர்தலில், மூன்று எதிர்க்கட்சிகளின் கூட்டணிக்காகத் தமிழ் வீடுகளுக்குப் போக வேண்டும். ஒரு கட்சியின் வேட்பாளர் செல்வி அக்கா, முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர். இன்னொரு கட்சிக்கு யென்ஸ், தாடி வைத்த பால்பண்ணைக்காரர். செல்வி அக்கா சபைக்குள் போய்விட வேண்டும் என்பதே என் கவலை.

விளக்கம்

நான் போன வீடொன்றில் தேவராசா மாமா ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்து, உடுப்பு மாற்றாமலே கேட்டார்: "கூட்டணி எண்டால் எங்கட வோட்டு எங்க பிள்ளை போகும்?"

பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்று பயந்து முழுவதையும் சொன்னேன். மூன்று கட்சிகளின் வாக்கையும் முதலில் ஒன்றாகக் கூட்டுவார்கள். கூட்டணிக்கு எத்தனை ஆசனம் என்று அதில் தெரியும். பிறகுதான் எந்தக் கட்சிக்கு என்று பிரிப்பார்கள். "அப்ப தாடிக்காரனுக்குப் போட்டாலும் வீணாகாதோ?" என்றார். வீணாகாது என்றேன். உண்மை அதுதானே. மாமா மனைவியிடம் திரும்பினார்: "இஞ்ச பாரும், படிச்ச பிள்ளை ஒண்டையும் ஒளிக்கேல்லை."

ரோல்ஸ்

ஒரு சனிக்கிழமை யென்ஸ் என்னோடு வந்தார். ஒவ்வொரு வீட்டிலும் சப்பாத்தைக் கழற்றினார், இருந்தார், வைத்ததையெல்லாம் சாப்பிட்டார். தேவராசா மாமா வீட்டில் மட்டன் ரோல்ஸை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். போதும் என்று சொல்லலாம் என்றேன், அது மரியாதையில்லை என்றார். காருக்குள் ஏறி இடுப்புப் பட்டியைத் தளர்த்திக்கொண்டு டேனிஷில் கேட்டார்: "இது பிரசாரமா, கல்யாண வீடா?"

வாசல்

அடுத்த நாள் ஜெபக்கூட்டம் முடிய, செல்வி அக்கா அதே வீடுகளுக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே, "நான் இருக்கேல்லை, வேலைக்குப் போகவேணும்" என்று துண்டுப்பிரசுரத்தை நீட்டிவிட்டுத் திரும்பினார். ஒரு வீட்டிலாவது தேத்தண்ணி குடியுங்கோ அக்கா என்று கெஞ்சினேன். "எங்கட ஆக்களிட்டைப் போய் வோட்டுக் கேக்க வெக்கமாக் கிடக்கடி. கேக்காட்டிலும் போடுவினம்."

முடிவு

கூட்டணிக்கு ஒரு ஆசனம் கூடியது, சபையில் பெரும்பான்மை மாறியது. மண்டபத்தில் கேக் வெட்டினார்கள். கூடிய அந்த ஆசனம் யென்சின் கட்சிக்குப் போனது. செல்வி அக்கா எல்லோரையும்விட நீளமாகக் கைதட்டிவிட்டு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டார்.

சில நாள் கழித்து சூப்பர்மார்க்கெட்டில் தேவராசா மாமா, "வெண்டிட்டம் என்ன!" என்று தோளில் தட்டினார். செல்வி அக்கா சபைக்கு வரவில்லை என்றேன். பால் பெட்டியை எடுத்த கை அப்படியே நின்றது. "வரேல்லையோ? அவவுக்கு எல்லாரும் போடுவினம் எண்டுதானே நான் யென்சுக்குப் போட்டனான். மனுசன் எங்கட வீட்டில கேட்டு வாங்கிச் சாப்பிட்டது. நீதானே பிள்ளை சொன்னனீ, ஆருக்குப் போட்டாலும் வீணாகாது எண்டு."

கூட்டணி வென்றது, என் விளக்கமும் எல்லோருக்கும் நன்றாக விளங்கியிருக்கிறது, செல்வி அக்கா மட்டும் முன்போலவே முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போகிறார்.