'நீ'யைத் தொலைத்த மொழி

காரணம் கேட்டால் பிழைப்புக் கெட்டுப்போகிற தொழில்கள் இரண்டு: ஒன்று சாத்திரம் சொல்வது, மற்றது இங்கிலீஷ் படிப்பிப்பது. முதலாவதில் நான் இறங்கவில்லை. இரண்டாவதை, பென்சன் எடுத்த பிறகு சும்மா இருக்கத் தெரியாமல், ரொறன்ரோவில், வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு தேவாலயத்தின் பேஸ்மென்ற்றில் சனிக்கிழமைகளில் செய்துகொண்டிருக்கிறேன். நீங்களும் வந்த புதிதில் இப்படி ஒரு வகுப்பில், மடக்குக் கதிரையில், ஜக்கெற்றைக் கழற்றாமல் இருந்து பார்த்தவர்கள்தானே. உங்களுக்குச் சொன்னால் விளங்கும்.

மற்றவர்கள் பொழுது போக வருகிறவர்கள். மன்னார்ப் பிலோமினாவுக்கு மட்டும் அது பிழைப்பு. இறைச்சி பொதி செய்கிற ஃபக்ரறியில் குளிர் அறைக்குள் நின்று நின்று அவவின் விரல்கள் மடங்க மறுக்கத் தொடங்கிவிட்டன. ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குக் கேட்டிருந்தா. வேலை தெரியும், அதற்குப் படித்தும் இருக்கிறா. நேர்முகத்தில் இங்கிலீஷ் பேசிவிட்டால் குளிர் அறையை விட்டு வெளியே வரலாம். பேச வைக்க வேண்டியவன் நான்.

விழுந்த எழுத்து

"கத்திக்கும் முழங்காலுக்கும் ஏன் மாஸ்ரர் முன்னுக்கு ஒரு 'கே'? எழுதுறம், சொல்லுறேல்லை" என்று பிலோமினா கேட்டா. ஒரு காலத்தில் அந்தக் 'கே'யையும் சேர்த்துத்தான் சொன்னார்கள்; வாய் மாறியது, எழுத்து மாறவில்லை. உண்மை அவ்வளவுதான். அதை மட்டும் சொன்னால் மிச்ச நேரத்துக்கு என்ன செய்வது? ஆகவே, ஜேர்மன் பக்கத்திலிருந்து கடல் தாண்டி இங்கிலாந்துக்கு வந்த சனம், தோணியில் குளிருக்கு வாயைத் திறக்கப் பயந்து முதலெழுத்துகளைக் கடலிலேயே விட்டுவிட்டது என்றேன். இப்பவும் அந்தக் கடலில் வலை போட்டால் இரண்டொரு 'கே' அகப்படும் என்றும் சேர்த்துவிட்டேன்.

பிலோமினா கவனமாக எழுதிக்கொண்டா. பின் வரிசைத் தங்கராசா அண்ணை, வகுப்புக்கு வருவதே என்னை மடக்கத்தான், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "அப்ப ரொறன்ரோக் குளிருக்கு எங்கட வாயில இவ்வளவு காலத்துக்கு ஒரெழுத்தும் மிஞ்சியிருக்கக் கூடாதே, மாஸ்ரர்."

கோப்பைக்கு வந்த மாடு

மாடு உயிரோடு நிற்கும்போது 'கவ்'. சாப்பாட்டுக் கோப்பையில் விழுந்தால் 'பீஃப்'. பன்றிக்கும் ஆட்டுக்கும் இதே கதி. பிரான்சிலிருந்து நோர்மன்காரர் படையோடு வந்து இங்கிலாந்தைப் பிடித்தார்கள். மேய்த்தவன் தன் பாஷையில் பெயர் சொன்னான், தின்றவன் தன் பாஷையில் சொன்னான், இரண்டும் தங்கிவிட்டன என்று விளக்கினேன். இதுவரை சரி. அதற்குமேல், அரண்மனைக் குசினி வாசலில் ஒரு காவற்காரன் நின்று, உள்ளே போகிற ஒவ்வொரு மாட்டின் காதிலும் புதுப் பெயரை ஓதி அனுப்பினான் என்று சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

பிலோமினா சிரிக்கவில்லை. அன்று காலைதான் வேலை முடித்து நேரே வந்திருந்தா. விரல்களைத் தேத்தண்ணிக் கப்பில் ஒட்டவைத்துக்கொண்டு யோசித்தா. "அதுதானே மாஸ்ரர், நாங்கள் அடிக்கிற பெட்டியில இங்கிலீஸ், பிரெஞ்சு எண்டு ரெண்டு பாசையிலயும் எழுதிக் கிடக்குது. மாட்டுக்கு ஒண்டு, திண்டவனுக்கு ஒண்டு."

மரியாதை கூடிப்போன கதை

நேர்முகத்துக்கு ஒத்திகை பார்த்தோம். இரண்டு கதிரைகளை இணைத்துத் தங்கராசா அண்ணையை நோயாளியாகப் படுக்க வைத்தேன். பிலோமினா கிட்டப் போய், "சேர் வாட்டர் வேணுமா" என்பதை இங்கிலீஷில் கேட்டா. எல்லாம் மரியாதைக்குச் சொல்கிற 'சேர்'தான், 'யூ' வரவேயில்லை. ஏன் என்று கேட்டேன். "வயசான மனுசரை 'யூ' எண்டுறதோ? வாய் வருகுதில்லை மாஸ்ரர்."

அன்றைக்கு நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. விளையாட்டு இல்லை, அவவின் விரல்கள். முன்னம் இங்கிலீஷில் இரண்டு இருந்தன: 'தவ்' என்றால் நீ ('தய்' என்றால் உன்னுடைய), 'யூ' என்றால் நீங்கள். ஆரையும் கோபிக்க வைக்கப் பயந்து எல்லாருக்கும் 'நீங்கள்' போட்டுப் போட்டு, 'நீ' பேச்சிலிருந்து செத்துப்போனது. ஆகவே 'யூ' என்பதுதான் மரியாதை, தாராளமாகச் சொல்லலாம் என்றேன். "அப்ப நாயையும் 'நீங்கள்' எண்டுதான் கூப்பிடுறாங்களோ?" என்றார் நோயாளி. முன் வரிசை மனோன்மணி அன்ரி, ரூஜ் பக்கம் மகன் வீட்டில், தன்னை 'யூ' என்கிற மருமகளோடு கதை பேச்சில்லாமல் இருப்பவ, நெஞ்சில் கை வைத்துக்கொண்டா: "ஐயோ, அப்ப அவள் இவ்வளவு காலமும் எனக்கு மரியாதைதான் தந்திருக்கிறாள்."

நேர்முகம்

அடுத்த கிழமை நேர்முகம். அதற்கடுத்த சனிக்கிழமை பிலோமினா வந்து நடந்ததைச் சொன்னா. அங்கேயும் ஒருத்தியைக் கட்டிலில் கிழவியாகப் படுக்க வைத்திருந்தார்களாம். இவ கிட்டப் போய், குனிந்து, தெளிவான இங்கிலீஷில், "தவ்வுக்குத் தண்ணி வேணுமா? தய் மருந்தை நான் கொண்டு வாறன்" என்று கேட்டிருக்கிறா. படுத்திருந்தவள் கையைக் கூப்பிவிட்டாளாம். மனேச்சர் பேனையை வைத்துவிட்டு, இவ செபம் பண்ண வந்தாவோ வேலைக்கு வந்தாவோ என்று பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்தாராம். தன்மையாகத்தான் அனுப்பினார்களாம். இன்னொருத்தரை எடுத்துவிட்டதாகப் பிறகு போனும் வந்துவிட்டது.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். "பிள்ளை, 'தவ்' எண்டால் 'நீ', அது செத்துப்போச்சு எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனே" என்றேன். அவ மடங்காத விரல்களைப் பார்த்தபடி சொன்னா: "இங்கிலீஸ் பூசையில மாதாவுக்கு 'தவ்' எண்டுதான் சொல்லுறாங்கள், ஆண்டவருக்கு 'தய்' எண்டுதான் சொல்லுறாங்கள். மாதாவை ஆரும் மரியாதையில்லாமல் கூப்பிடுவினமோ? நீங்கள் வழக்கம்போல பகிடிக்கு மாத்திச் சொல்லுறியள் எண்டு நினைச்சன்." குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஜக்கெற்றின் சிப்பை இழுக்க முடியாமல் இரண்டு உள்ளங்கையாலும் பிடித்துக்கொண்டு எழும்பினா, பின்னேரம் குளிர் அறையில் வேலை. வாசலில் நின்று சொன்னா: "உங்கட கதையளில உண்மையும் கிடக்கும் எண்டு எனக்கு ஆர் மாஸ்ரர் சொன்னது?"

எத்தனையோ படையெடுப்பைத் தாங்கி வளர்ந்த அந்த மொழி இந்தப் பேஸ்மென்ற்றில் என்னையும் தாங்கிக்கொண்டு போய்விடும். அதைத் தாங்க முடியாமல் நிற்பவர்கள் நாங்கள்தான்.